வெடிக்காத துப்பாக்கிகள்: செஞ்சிப் போர்களில் மழையும் மருந்தும்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவன ஒரு குதிரையும் ஒரு வாளுமே. தேசிங்குராசன் கதைப்பாடலும் அதனை ஒட்டி எழுந்த கூத்துகளும் அந்த இளவரசனைப் பாராசாரிக் குதிரையின்மேல் வாளேந்திய கோலத்திலேயே நிலைநிறுத்திவிட்டன. ஆனால் செஞ்சிக் கோட்டையின் பெரும்போர்கள் யாவும் வெடிமருந்துக் காலத்தில் நிகழ்ந்தவை. பீரங்கியும் துப்பாக்கியும் ஒலிக்காத முற்றுகை ஒன்றுகூட அந்த இருநூறாண்டுகளில் அங்கே நிகழவில்லை எனலாம். அவ்வாறிருந்தும், மக்கள் நினைவில் துப்பாக்கி பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு வாள் முன்வரிசையில் நிற்பது ஏன்?

கவிஞரின் கற்பனை என்று இதற்கு எளிதாக விடை கூறிவிடலாம். எனினும் துப்பாக்கி என்னும் கருவியின் இயல்பை அறிந்தோர்க்கு வேறொரு விடையும் புலப்படும். அக்காலத் துப்பாக்கி பலமுறை வெடித்தது; பலமுறை வெடிக்கவில்லை. வெடித்த குண்டுகள் வரலாற்றில் இடம்பெற்றன. குதிரையை அழுத்தியும் வெடிக்காமற்போன துப்பாக்கியைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அந்த எழுதப்படாத பகுதியைச் செஞ்சியை நடுவாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் பணி.

கோட்டையும் காலநிலையும்

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. நாயக்கர் ஆட்சியில் வலிமை பெற்ற இக்கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படைக்குப் பணிந்தது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றி அரண்களைப் புதுக்கினார். அவர் மகன் இராசாராம் 1689இல் இங்கு அடைக்கலம் புகுந்தார். 1690இல் ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகர்கான் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுற்றது. மராட்டியர் போர்த்திறனுக்குச் சான்றாக விளங்கும் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் 2025 சூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மராட்டிய மாநிலத்திற்கு வெளியே இருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே.

கோட்டையைச் சுற்றிவருவோர் களஞ்சியங்களையும் சுனைகளையும் கண்டு வியப்பர். நெல்லும் நீரும் இன்றி முற்றுகையைத் தாங்க இயலாது என்பது எவர்க்கும் விளங்கும். வெடிமருந்துக் கிடங்கின் முன் நிற்போர் சிலரே. நெல் நனைந்தால் உலர்த்தி உண்ணலாம். மருந்து நனைந்தால் அதிலுள்ள வெடியுப்பு கரைந்து கலவை பிரிந்துவிடும். உலர்த்தினாலும் பழைய ஆற்றல் அதற்குத் திரும்புவதில்லை. மீண்டும் அரைத்துச் சேர்க்க வேண்டியதே. ஆகவே முற்றுகைக்கு உட்பட்டவர்க்கு உலர்ந்த மருந்து உணவுக்கு அடுத்த செல்வமாக இருந்தது.

செஞ்சியின் மழைக்காலம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வலுப்பது. வடக்கிலிருந்து வந்த படைகள் ஆனி, ஆடி மழைக்குப் பழகியவை. ஐப்பசியில் வானம் வெளுக்கும் என்று எதிர்பார்ப்பவை. தமிழகத்தில் அப்போதுதான் வானம் கறுக்கும். சுல்பிகர்கானின் முற்றுகைப் படை 1692 திசம்பரில், அதாவது மழை ஓயும் வேளையில், சாந்தாஜி, தானாஜி என்னும் மராட்டியத் தளபதிகளால் வளைக்கப்பட்டது. உணவும் மருந்தும் குன்றிய நிலையில் 1693 தொடக்கத்தில் அப்படை வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. எண்ணிக்கையில் பெரிய படையொன்று, சுடுவதற்கு மருந்தின்றித் தன் கருவிகளைச் சுமந்துகொண்டு திரும்பிய காட்சி அது.

திரித் துப்பாக்கியும் அதன் பிழைகளும்

அக்காலத்து இந்தியப் படைகளில் பெருவழக்காய் இருந்தது திரித் துப்பாக்கி. நீண்ட இரும்புக் குழல். குழலின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. இத்துளையைத் தமிழில் பற்றுவாய் என்பர். பற்றுவாயின் வெளிப்புறத்தில் சிறு கிண்ணம் போன்ற ஓர் இடம். அதில் இடப்படும் மென்பொடிக்கு இரஞ்சகம் என்று பெயர். குழலுக்குள் மருந்தும் குண்டும் இட்டுச் சலாகையால் கெட்டித்தபின், கிண்ணத்தில் இரஞ்சகம் இடுவர். வெடியுப்பு நீரில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுத் திரி, கனன்றவாறே குதிரை என்னும் கொக்கியில் பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் திரி தாழ்ந்து இரஞ்சகத்தைத் தீண்டும். அந்தத் தீ பற்றுவாய் வழியே உட்புகுந்து பெருமருந்தைப் பற்றவைக்கும்.

இத்தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் துப்பாக்கி வெடிக்காது. திரி மழையில் அணைந்திருக்கலாம். திரி கனன்றாலும் அதன் நுனியில் சாம்பல் படிந்திருந்தால் தீ எட்டாது. அதனால்தான் வீரர் சுடுமுன் திரியை ஊதிச் சாம்பலை உதிர்த்தனர். இரஞ்சகம் காற்றில் பறந்தோ சாய்வில் சிந்தியோ போயிருக்கலாம். பனியில் நமுத்தும் இருக்கலாம். இவையெல்லாம் வெளியே தெரியும் பிழைகள். தெரியாத பிழை ஒன்று உண்டு. இரஞ்சகம் பளிச்சிட்டு எரியும், புகையும் எழும், குண்டுமட்டும் புறப்படாது. பலமுறை சுட்டதனால் படிந்த கரிக்கசடு பற்றுவாயை அடைத்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இதற்கென்றே வீரர் மெல்லிய கம்பி ஒன்றை உடன் வைத்திருந்தனர். கம்பியால் துளையைக் குத்தித் திறந்து, புதிய இரஞ்சகம் இட்டு, மறுபடியும் தீ வைப்பர்.

இதனினும் கொடியது காலந்தாழ்த்தி வெடிப்பது. நமுத்த மருந்து உடனே பற்றாமல் உள்ளே கனன்றிருந்து, சில நொடிகள் கழித்து வெடிப்பதுண்டு. வெடிக்கவில்லை என்று எண்ணிக் குழலின் வாயை நோக்கிக் குனிந்தவன் உயிரிழப்பான். ஆகவே, வெடிக்காத துப்பாக்கியை ஆளில்லாத திசையில் நீட்டியவாறே சற்றுப் பொறுத்திருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரரும் வீரரும் கற்ற முதற்பாடம். போர்க்களத்தில் எதிரி பாய்ந்து வருகையில் இப்பாடத்தைக் கடைப்பிடிப்பது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

போரின் ஆரவாரத்தில் தன் துப்பாக்கி வெடிக்காததையே அறியாதவரும் இருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் கெட்டிஸ்பர்க் களம் முடிந்தபின் ஏறத்தாழ 27,000 துப்பாக்கிகள் திரட்டப்பட்டன. அவற்றுள் 24,000 அளவில் சுடப்படாத மருந்துடன் இருந்தன. 12,000 அளவில் இருமுறை கெட்டிக்கப்பட்டிருந்தன. முன்னது வெடிக்கவில்லை என்பதை உணராமலே அதன்மேல் மறுமருந்து இட்டிருக்கின்றனர். அச்சத்திற்கு முன் பயிற்சி எவ்வாறு தடுமாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

மருந்தின் குற்றம்

பிழை கருவியில் மட்டும் இல்லை, மருந்திலும் உண்டு. வெடியுப்பு நான்கில் மூன்று பங்கும், எஞ்சியதில் கரி சற்று மிகுந்தும் கந்தகம் சற்றுக் குறைந்தும் சேர்வது நல்ல கலவை. பொட்டிலுப்பு என்றும் வழங்கும் இவ்வெடியுப்பை உவர்மண்ணிலிருந்து வடித்துக் காய்ச்சி எடுப்பது தென்னாட்டில் ஒரு குலத்தொழிலாகவே இருந்தது. மண்ணைக் கரைத்த நீரில் மரச்சாம்பல் சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டால் ஊசி ஊசியாய் உப்பு படியும். தூய வெடியுப்பு காற்றின் ஈரத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் மண்ணிலுள்ள சோற்றுப்பும் பிற உப்புகளும் நீங்காமல் கலந்திருந்தால், அவை ஈரத்தை இழுத்து மருந்து முழுவதையும் நமுக்கச் செய்யும். காய்ச்சுபவர் ஒருமுறை கூடுதலாய் வடிகட்டினாரா இல்லையா என்பது, மாதங்கள் கழித்து எங்கோ ஒரு களத்தில் ஒருவன் உயிரோடிருப்பதைத் தீர்மானித்தது.

பொடியாகவே இருக்கும் மருந்து வண்டியில் நெடுந்தொலைவு குலுங்கிச் செல்கையில் கனமானது கீழும் இலேசானது மேலுமாய்ப் பிரியும். குருணையாக்கிய மருந்து அவ்வாறு பிரியாது. ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஐரோப்பியக் கும்பினிகளின் படைகள் குருணை மருந்தை அளந்து, குண்டோடு சேர்த்துத் தாளில் சுருட்டித் தோட்டாவாக்கித் தோற்பையில் வைத்திருந்தன. அவர்கள் பெற்ற வெற்றிகளுக்கு வீரமும் சூழ்ச்சியும் காரணமென்று பலர் எழுதியுள்ளனர். இந்தத் தோற்பைக்கும் அவ்வெற்றிகளில் பங்கு உண்டு.

தேசிங்கின் வாள்

இப்பின்னணியில் 1714ஆம் ஆண்டு அக்டோபரை நோக்குவோம். செஞ்சியை ஆண்ட புந்தேல இராசபுத்திரர் சொரூப்சிங் மறைந்தபின், அவர் மகன் தேஜ்சிங், மக்கள் வழக்கில் தேசிங்கு, கோட்டையின் உரிமையை ஏற்றான். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் திறை நிலுவையைக் காட்டிப் படையெடுத்தான். தேசிங்குக்கு அப்போது வயது இருபத்திரண்டு என்பர். அவன் தோழன் மோவுத்துகான் திருமணக் கோலத்தைக் களைந்துவிட்டு நீலவேணிக் குதிரையேறிப் போருக்கு வந்தான் என்பது கதைப்பாடலின் உருக்கமான பகுதி. செஞ்சிக்கு அருகிலுள்ள நீலாம்பூண்டி இன்றும் அந்த நட்பின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

மழைக்காலம் தொடங்கிய அந்நாளில் சங்கராபரணி ஆறு பெருகியோடியதாகவும், தேசிங்கு சிறு படையுடன் வெள்ளத்தைக் கடந்து சென்று போரிட்டதாகவும் வழங்கும் வரலாறு கூறுகிறது. இந்த வெள்ளம் கதைக்கு அழகூட்டும் ஒரு காட்சி மட்டும் அன்று. குதிரையின் வயிற்றளவு நீரில் நீந்தி வருபவனுடைய மருந்துப்பை என்னாகும்? இடுப்பிலிருந்தால் நனையும், தலைமேல் தூக்கினால் கடிவாளம் பிடிக்கக் கையிராது. கனலும் திரியைக் காப்பது அதனினும் அரிது. கரையேறியவுடன் உலர்த்தவும் ஊதவும் பொழுது வேண்டும். எதிரே நிற்கும் பெரும்படை அப்பொழுதைத் தராது. அந்த நிலையில், நனைந்தாலும் பயன்படும் படைக்கலம் வாள் ஒன்றே.

கதைப்பாடலின் வாளைப் புலவர் கற்பனை என்று ஒதுக்குவது பொருந்தாது என்பது இதனால் விளங்கும். ஐப்பசி மழையில் ஆற்றைக் கடந்தவன் வாளை நம்பியது வீரம் மட்டும் அன்று, அறிவும்கூட. ஆனால் மறுகரையில் உலர்ந்த நிலத்தில் காத்திருந்த நவாபின் படைக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. தேசிங்கு குண்டடி பட்டு வீழ்ந்தான் என்றே வரலாற்று நூலார் எழுதுவர். கதைப்பாடலோ அவன் தன் வாளை வானில் எறிந்து, வீழும் வாளைத் தானே மார்பில் ஏற்று மாண்டான் என்று பாடுகிறது. எவனோ ஒருவனுடைய துப்பாக்கி அந்த ஒரு கணத்தில் தவறாமல் வெடித்தது என்பதை மக்கள் மனம் ஏற்க மறுத்தது போலும். அவன் சாவைத் தற்செயலான ஒரு பொறியின் கையில் விடாமல் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தது பாட்டு.

1750: மழையில் சிக்கிய படை

முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் செஞ்சி மீண்டும் ஒரு மழைக்காலப் போரைக் கண்டது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து நகருள் புகுந்து, இருளில் மூன்று குன்றுகளின்மேலும் ஏறியது. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை ஓரிரவில் வீழ்ந்ததைக் கேட்டுத் தென்னாடே திகைத்தது. இரவுப்போரில் திரித் துப்பாக்கிக்கு வேறொரு குறையும் உண்டு. கனலும் திரியின் செம்புள்ளி, அதை ஏந்தியவன் நிற்கும் இடத்தைத் தொலைவிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

கோட்டையை மீட்கப் பெரும்படையுடன் வந்த ஐதராபாத்து நாசிர்சங், செஞ்சிக்கு அண்மையில் பாசறை இறங்கினான். அக்டோபர் மழையில் ஆறுகள் பெருகின. படை முன்னேறவும் இயலாது, பின்னடையவும் இயலாது ஆறுகளுக்கிடையே சிக்கியது. உணவு குறைந்தது, நோய் பரவியது. கருநாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய இராபர்ட் ஓர்ம் இத்துன்பத்தை விரிவாகவே குறித்துள்ளார். வாரக்கணக்கில் நனைந்த கூடாரங்களில் கிடந்த மருந்தின் நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. திசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் செஞ்சியிலிருந்து தெலாதூசு தலைமையில் புறப்பட்ட சிறு பிரெஞ்சுப் படை பாசறையைத் தாக்கியது. குழப்பத்தினிடையே, தன் பக்கமே நின்ற கடப்பை நவாபின் துப்பாக்கிக் குண்டுக்கு நாசிர்சங் இரையானான். துப்பெல்லாம் நனைந்த பாசறையில் உலர்ந்திருந்த அந்தத் துப்பாக்கி துரோகத்திற்குப் பயன்பட்டது.

ஏழாண்டுகள் கழித்து, 1757 சூன் 23 அன்று பிளாசிக் களத்திலும் இதே கதை. திடீரெனப் பெய்த மழையில் சிராசுத்தௌலாவின் மருந்து நனைந்தது; ஆங்கிலேயர் தம் மருந்தைத் தார்பூசிய துணியால் மூடிக் காத்தனர். நவாபின் குதிரைப்படை எதிரியின் பீரங்கிகளும் ஓய்ந்திருக்கும் என்று எண்ணிப் பாய்ந்தது, அவை ஓயவில்லை.

தலைப்பாகையின் உட்புறம்

ஐரோப்பியர் கொணர்ந்த சக்கிமுக்கித் துப்பாக்கியில் கனலும் திரி இல்லை. குதிரையின் வாயிலுள்ள கல் எஃகுத் தகட்டில் மோதித் தீப்பொறி உதிர்க்கும். அப்பொறி இரஞ்சகத்தைப் பற்றவைக்கும். விரைவில் இது சிறந்தது. ஆயினும் கல் மழுங்கினாலும் தகடு தேய்ந்தாலும் கிண்ணத்தில் ஒரு துளி நீர் வீழ்ந்தாலும் பயனில்லை. 1834இல் இங்கிலாந்தின் உல்விச்சில் நடந்த சோதனையில், 6,000 முறை சுட்டதில் சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கவில்லை. அதாவது ஆறேழு முறைக்கு ஒருமுறை பிழை. அதனுடன் ஒப்பிட்ட மூடித் துப்பாக்கியோ 6,000 முறையில் 36 முறையே தவறியது. தட்டினால் வெடிக்கும் மருந்தைச் செப்பு மூடியில் அடைத்துப் பற்றுவாயின்மேல் கவிப்பதே மூடித் துப்பாக்கியின் அமைப்பு. இதற்கு வித்திட்டவர் போர்வீரர் அல்லர். அலெக்சாண்டர் பார்சித் என்னும் இசுகாட்லாந்துச் சமயகுரு அவர். இரஞ்சகத்தின் பளிச்சொளியைக் கண்டு நீர்ப்பறவைகள் பறந்துவிடுவதால் வேட்டையில் ஏமாந்த அவர், 1807இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். வேட்டைக்காரரின் ஏமாற்றம் போரின் போக்கையே மாற்றியது.

இம்மாற்றத்தின் இடைக்காலத்தில் அகப்பட்டுத் தவித்தவர் நம் நாட்டவரே. 1801 முதல் செஞ்சிப் பகுதியும் அடங்கிய சென்னை மாகாணத்தின் படையினர், ஆங்கிலேயரின் அபினிப்போருக்காகச் சீனத்திற்கு அனுப்பப்பட்டனர். 1841 மே மாத இறுதியில் காண்டன் நகர்க்கு வெளியே சான்யுவான்லி என்னுமிடத்தில், சென்னைப் படையின் 37ஆம் அணியைச் சேர்ந்த ஒரு பிரிவு பேய்மழையில் தனித்து நின்றது. சுற்றிலும் ஈட்டியேந்திய சீன ஊர்மக்கள். சிப்பாய்களின் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள், ஒன்றும் வெடிக்கவில்லை. தலைப்பாகையின் உட்புறத் துணி மட்டுமே நனையாதிருந்தது. அதைக் கிழித்துத் துப்பாக்கியைத் துடைத்துச் சிலமுறை சுட்டனர் என்று அப்போர்க் குறிப்புகள் கூறுகின்றன. மூடித் துப்பாக்கி ஏந்திய ஆங்கிலக் கடற்படை வீரர் தேடிவந்த பின்னரே அவர்கள் மீண்டனர். வெள்ளையருக்குப் புதிய கருவி, சிப்பாய்க்குப் பழைய கருவி என்னும் வேற்றுமையை மழை ஒரே நாளில் வெளிப்படுத்திவிட்டது. யாருக்காகவோ, யார் நாட்டிலோ, தன் வீட்டைக் காக்க எழுந்த ஊராரை எதிர்த்து நின்ற அவர்களைக் காத்தது தலைமேல் இருந்த உலர்ந்த துணித்துண்டு. அதைப் பாடிய கதைப்பாடல் நம்மிடம் இல்லை.

வேட்டை நின்றபின் எஞ்சிய சொற்கள்

படைகளை விட்டுப் போன பழைய கெட்டிப்புத் துப்பாக்கி, காட்டோரங்களில் வேட்டைக்காரர் கையில் நெடுநாள் வாழ்ந்தது. தமிழகத்து நரிக்குறவர் அண்மைக்காலம் வரை அதனைப் பேணி வந்தவர். மழைநாளில் எண்ணெய்த் துணி சுற்றிக் காப்பது, கம்பியால் துளையைக் குத்துவது, வெடிக்காதபோது பொறுத்திருப்பது ஆகிய நுட்பங்கள் எழுத்தில் இல்லாமல் கைப்பழக்கமாகவே வழிவழி வந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு எல்லை கட்டியது. காட்டுயிர்க்கு அது நன்மையே. ஆனால் தொழில் நிற்கும்போது அதன் சொற்களும் நின்றுபோகின்றன.

பற்றுவாய், இரஞ்சகம், பொட்டிலுப்பு, சலாகை ஆகிய சொற்கள் இன்று அகராதியில் உறங்குகின்றன. துப்பாக்கி வெடிக்காமற்போவதைக் குறிக்க நிலைத்த ஒரு சொல் தமிழில் இல்லை. குறி தவறுதல் வேறு. வெடி தவறுதல் வேறு. முன்னது சுட்டவன் பிழை. பின்னது கருவியின் அல்லது காலத்தின் பிழை. ஆயினும் மக்கள் மொழி இந்த அனுபவத்தை முற்றும் மறந்துவிடவில்லை. பெரிதாய்த் தொடங்கிச் சிறிதாய் முடிந்த எதனையும் ‘புஸ்வாணம் ஆயிற்று’ என்கிறோம். ஊக்கமிழந்தவனை ‘நமுத்துப் போனவன்’ என்கிறோம். இவ்வழக்குகளில் ஈரமான மருந்தின் மணம் இன்னும் இருக்கிறது.

முடிவுரை

செஞ்சியின் வரலாற்றை வென்றோரின் பெயர்களாலும் ஆண்டுகளாலும் எழுதுவது மரபு. அதனோடு மழையையும் மருந்தையும் சேர்த்து எழுதினால் வேறொரு தெளிவு கிட்டும். 1693இல் பின்வாங்கிய முகலாயன், 1714இல் வெள்ளம் கடந்த தேசிங்கு, 1750இல் ஆற்றிடையில் சிக்கிய நாசிர்சங், 1841இல் சீனத்து வயலில் நின்ற சென்னைச் சிப்பாய் ஆகிய நால்வரையும் இணைப்பது ஈரம்பட்ட மருந்தின் கதை. இவர்களுள் தேசிங்குக்கு மட்டுமே பாட்டு வாய்த்தது. அதிலும் துப்பாக்கி மறைந்து வாளே நின்றது.

நம்பிய கருவி கைவிட்ட கணத்தில் ஒரு மனிதன் என்ன செய்தான் என்பது வரலாற்று ஆவணங்களில் அரிதாகவே பதிவாகிறது. கம்பியால் துளையைக் குத்தினானா, தலைப்பாகையைக் கிழித்தானா, வாளை உருவினானா என்று கேட்டு எழுத வேண்டிய இடம் அங்கே காலியாக உள்ளது. செஞ்சிக் குன்றின் அடியில் பிறந்த கதைப்பாடல் அவ்விடத்தை ஒருமுறை நிரப்பியது. தலைப்பாகை கிழித்த சிப்பாய்க்கு உரிய பாட்டு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.